தனக்கா வெடிக்காத கன்னம்

கன்னத்தில் பூசிய தனக்கா காய்ந்த பிறகு சிரிக்கக் கூடாது. சிரித்தால் தோல்வி. நான் சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் ஆடிய விளையாட்டு இது.

யாங்கூன் வெயிலில் கன்னத்தில் தனக்கா இல்லாமல் தெருவில் இறங்கும் பெண்கள் குறைவு. பர்மியப் பெண்கள், சீனப் பெண்கள், எங்களைப் போன்ற தமிழ்ப் பெண்கள் என்று அதில் வேறுபாடு கிடையாது. அம்மா வட்டக் கல்லில் தண்ணீர் தெளித்துத் தனக்கா என்ற மரத்தின் கட்டையை உரசுவாள். சந்தனத்தைவிட வெளிறிய குழம்பு வரும். அதை என் கன்னம் இரண்டிலும் இலை வடிவத்தில் பொறுமையாகத் தீட்டுவாள். தன் கன்னத்தில் மட்டும் கைக்கு வந்தபடி இழுத்துக்கொள்வாள். பிறகு இருவரும் பால்கனி வாசலில் எதிரெதிரே உட்காருவோம். காயக் காயக் கன்னம் இறுகும். முதலில் சிரித்தவர் கன்னத்தில் தனக்கா வெடித்துக் கோடு விழும். கோடு விழுந்த பிறகு, சிரிக்கவே இல்லை என்று சாதிக்க முடியாது.

அம்மாதான் எப்போதும் தோற்பாள். நான் மூக்கை ஒரு தடவை சுருக்கினால் போதும். எனக்காக வேண்டுமென்றே தோற்கிறாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவளுக்கு உண்மையிலேயே சிரிப்பை அடக்கத் தெரியாது. கோயிலில் பூசை நடக்கும்போதே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறவள் அவள்.

அந்த முகத்தின் இடது பாதி ஒரு நாள் காலையில் அசையாமல் நின்றுபோனது.

நாங்கள் தாமுவேயில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறோம். அப்பாவின் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. அம்மா பபேடானில் ஒரு மசாலாக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவாள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போடச் சொல்லும் இடத்தில் இருவரும் பெருவிரலை வைப்பார்கள். அந்த வீட்டிலிருந்து நான் பத்தாம் வகுப்பைத் தாண்டினேன். கோயில் வகுப்பில் தமிழ் எழுதப் படித்தேன். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் பட்டமும் வாங்கினேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்கிறது என்று தோழிகள் கேலி செய்வார்கள். உயரட்டும்.

நான்காவது மொழியாகக் கொரிய மொழி படித்தேன். தாமுவேயில் அப்போது தெருவுக்கு ஒரு கொரிய வகுப்பு இருந்தது. கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போவதற்கான தேர்வை எழுத, என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்து வாயைக் குவித்தும் அகட்டியும் எழுத்துக்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். எனக்கு இங்கேயே ஒரு வேலை கிடைத்தது. கொரிய மருத்துவர் ஒருவர் நகரத்தில் சிறிய வைத்தியக்கூடம் நடத்திவந்தார். அவருடைய நாட்டுப் பாரம்பரிய வைத்தியம்: ஊசி, மூலிகைச் சூடு, கசாயம். அதைக் கல்லூரியில் ஆறு வருடம் படித்துத் தேறியவர். ஐம்பது வயதிருக்கும். பேச்சு மிகக் குறைவு. தையல் ஆலைகளை நடத்தும் கொரியர்கள் இடுப்பு வலியோடு வருவார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் இந்த வைத்தியத்தைப் பார்த்த பர்மியப் பெண்கள் முட்டி வலியோடு வருவார்கள். நடுவில் நின்று மொழிபெயர்ப்பது என் வேலை. ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன். அதிலும் எனக்குப் பெருமை இருந்தது.

மழைக்காலம் முடியும் தறுவாயில், பட்டமளிப்பு விழாவுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. விழாவுக்கு இன்னும் இரண்டரை மாதத்துக்கு மேல் இருந்தது. எங்கள் ஊரில் பட்டம் வாங்குவதைவிடப் பட்டத்தோடு படம் எடுப்பது பெரிய காரியம். கறுப்பு அங்கி போட்ட பிள்ளை நடுவில், அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வாசலில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் மாட்டுவார்கள். அம்மா அதற்கென்று லத்தா கடைத்தெருவுக்குப் போய் அரக்கு நிறத்தில் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தாள். சுவரில் எங்கே மாட்டுவது என்றுகூட முடிவாகியிருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் கீழே.

கடிதம் வந்த மறு வாரம் ஒரு காலையில், வாய் கொப்பளித்த தண்ணீர் அம்மாவின் இடது கடைவாய் வழியாகத் தானே வழிந்தது. யாரையோ போல முகத்தைக் கோணிக் காட்டுகிறாள் என்று நினைத்து அப்பா சிரித்தார். அவளும் திரும்பிச் சிரிக்கப் பார்த்தாள். வலது பாதி மட்டும் சிரித்தது. அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கை கால்களைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது பக்கவாதம் இல்லை என்றார்கள். முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது என்று மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். இடது கண் மூடவில்லை. தூங்கும்போது இமையை ஒட்டி வைக்க ஒட்டுத்தாள் தந்தார்கள். மூடாத கண்ணை வைத்துக்கொண்டு மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார முடியுமா? ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்தாள். கண் சிவந்து வீங்கி, மதியமே திரும்பி வந்துவிட்டாள்.

மின்சாரம் இல்லாததால் முகம் கோணியதற்கு முந்தின வாரம் முழுவதும் பால்கனி ஓரம் படுத்திருந்தாள். காற்றுதான் அடித்துவிட்டது என்பது அவள் கட்சி. கீழ்வீட்டு அத்தைக்கு வேறு கட்சி. அவர் படியேறி வந்து, மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுவிட்டு, எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

"கண்ணு பட்டுருச்சு தாயி. இந்தக் கட்டடத்துல யாரு வீட்டுப் பொண்ணு அங்கி போட்டிருக்கு? புள்ள மேல விழவேண்டியது, நீ வாங்கிக்கிட்டே."

அம்மா மறுக்கவில்லை. நான் படித்ததற்கும் அம்மாவின் நரம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணாடி முன்னால் நின்று அவள் இடது கன்னத்தை விரலால் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது, என் பட்டத்தைக் கொண்டுபோய் எங்காவது ஒளித்து வைக்க வேண்டும்போல் இருந்தது.

பத்து நாள் கழித்து அவளை என் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஊசி குத்துவதற்கு முன் முகம் கழுவ வேண்டும் என்பது அங்கே சட்டம். அம்மாவுக்கு வெறும் முகத்தோடு வெளி ஆள் முன்னால் நிற்கக் கூச்சம். தொட்டியருகே தயங்கிக்கொண்டிருந்தபோது மருத்துவரே வெளியே வந்துவிட்டார். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். வலது கன்னத்துத் தனக்காவில் வாயோரம் மூன்று கோடு, கண்ணோரம் விசிறி மாதிரி சின்னக் கோடுகள். காலையிலிருந்து பேசியது, பேருந்தில் யாரையோ பார்த்துச் சிரித்தது எல்லாம் அங்கே பதிவாகியிருந்தது. இடது கன்னம் அப்போதுதான் பூசிய சுவர். ஒரு கீறல் இல்லை.

கழுவ வேண்டாம், முதலில் புருவத்தைத் தூக்கச் சொல், பல்லைக் காட்டச் சொல், கன்னத்தை உப்பச் சொல் என்றார். குனிந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோயாளிக் குறிப்பில் ஒரு வட்டம் போட்டு, அதன் ஒரு பாதியில் மட்டும் கோடுகளை வரைந்தார். இனிமேல் ஊசி எடுத்த பிறகு இங்கேயே இதைப் பூசிக்கொள்ளட்டும், காய்ந்ததும் நான் பார்க்கிறேன் என்றார்.

"என்ன புள்ள, சொவத்துல வெடிப்புப் பாக்குற கொத்தனாரு மாதிரி பாக்குறாரு உங்க கொரியா சயா," என்றாள் அம்மா. மருத்துவரையும் வாத்தியாரையும் பர்மிய மொழியில் சயா என்போம். நான் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

எங்கே படுத்தாள், காற்று எந்தப் பக்கம் என்று அவர் விசாரித்தார். ஆஸ்பத்திரி மாத்திரைகளை முடித்தாளா என்றும் கேட்டார். அவருடைய வைத்தியத்தில் இதைக் குளிர்காற்று முகத்தில் புகுந்ததாகச் சொல்வார்கள். அதைச் சொன்னதும் அம்மாவுக்கு வந்த திருப்தியைப் பார்க்க வேண்டும். தமிழில் முகவாதம், பர்மியத்தில் காற்று, கொரியாவிலும் காற்றா? கீழ்வீட்டு அத்தை தோற்றார்.

பிறகு அவள் கேட்டாள். "எப்ப சரியாகும்னு கேளு. உன் பட்டத்துக்கு முன்னாடி ஆயிருமான்னு கேளு."

கேட்டேன். மருத்துவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: தெரியாது. தொடர்ந்து வரட்டும்.

அம்மாவின் ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கண் மூட முடியாமல் நீர் கட்டி நின்றது. நான் சொன்னேன்: "ஆறு வாரம்தானாம்மா. நரம்பு நல்ல பதமா இருக்காம். ஊசி வச்சு, கசாயம் குடிச்சா ரத்தம் நல்லா ஓடி, விழாவுக்கு முன்னாடியே மூஞ்சி நேரா வந்துருமாம். பயப்பட ஒண்ணுமே இல்லையாம்."

அம்மா மருத்துவரை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "சரி" என்று படுத்துக்கொண்டாள்.

வாரத்துக்கு மூன்று நாள் போனோம். அந்த மதியங்களை இப்போது நினைத்தால் முதலில் வருவது வாசனைதான். மருத்துவர் ஒரு காய்ந்த தழையை உருட்டிக் கொளுத்தி, காதுக்குப் பின்னால் சூடு காட்டுவார். மரிக்கொழுந்தைக் காயவைத்துக் கொளுத்தினது மாதிரி இருக்கிறது, சாமி மாலை எரிகிற வாசம் என்பாள் அம்மா. ஊசிகள் முடி கனம்தான். புருவத்தில், கன்னத்தில், கடைவாயில், காதுக்கு முன்னால் இடது பக்கம் முழுக்க வைப்பார். ஒன்றை மட்டும் வலது கையில், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைப்பார். கோணலாகிக் கிடப்பது இடது கன்னம், ஊசி எதற்கு வலது கைக்கு என்று அம்மா கேட்டாள். வழி அங்கிருந்து போகிறது என்றார் மருத்துவர். "தாமுவேக்குப் போற பஸ்ஸு ஊரெல்லாம் சுத்திக்கிட்டுப் போகுதே, அந்த மாதிரி," என்று அம்மா தனக்குத் தானே விளக்கிக்கொண்டாள். அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முகத்துக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். மின்சாரம் போனால் அணைந்துவிடும். திரும்பி வரும்போது தெருவே 'மீலாபி' என்று கத்தும், மின்சாரம் வந்துவிட்டது என்று. அந்தக் கூச்சலில் சேராமல் இருக்க யாங்கூன்காரர்களால் முடியாது. முகமெல்லாம் ஊசியோடு படுத்திருந்த அம்மாவும் கத்தப் போனாள். மருத்துவர் அவள் நெற்றியில் கையை வைத்து அமுக்கிவிட்டார். ஊசிகள் மட்டும் லேசாக ஆடின, வலது கையில் இருந்ததும் சேர்ந்து.

ஊசி எடுத்ததும் தனக்கா நேரம். அம்மா வீட்டிலிருந்து ஒரு துண்டுக் கட்டையையும் சின்னக் கல்லையும் கொண்டுவந்து, கை கழுவும் தொட்டியருகே நிரந்தரமாக வைத்துவிட்டாள். மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மருத்துவர் முன்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டுவாள். வலது பக்கம் கோடு விழும். இடது பக்கம் ஒன்றுமே நடக்காது. குறிப்பில் வட்டங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கின. எல்லாம் ஒரே மாதிரி.

கசாயம் பையில் அடைத்து வரும். சுடவைத்துக் குடிக்க வேண்டும். நாக்கின் இடது பாதிக்கும் ருசி போயிருந்ததால், பாதி நாக்குக்குத்தான் கசக்கிறது என்று சலுகை மாதிரிச் சொல்லிக்கொண்டு குடித்தாள். நாலாவது வாரம் ஒரு காலையில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நாக்கு பூராக் கசக்குது," என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்தது. அடுத்த வாரம் கண் மூடத் தொடங்கியது, முழுக்க இல்லை, ஒரு அரிசி அளவு வெள்ளை மட்டும் மிச்சம். கன்னம் மட்டும் அசையவில்லை.

நான் சொன்ன ஆறு வாரம் வந்தது. போனது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரக்குத் துணி தைத்து வந்திருந்தது. போட்டுப் பார்க்காமலே மடித்துப் பெட்டியில் வைத்தாள். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"படத்துக்கு நீயும் அப்பாவும் போயிட்டு வாங்க."

அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நான் கோபப்பட்டேன். அவள் நிமிராமலே பதில் சொன்னாள். "உன் காகிதம் எல்லாத்துலயும் அப்பா பேருதான் இருக்கு. என் பேரு எதுலயும் இல்ல. படத்துல மூஞ்சி ஒண்ணுதான் என்னுது. அது காலத்துக்கும் செவுத்துல இருக்கும். இப்படி இருக்க வேணாம்."

இடது கன்னத்தில் ஒரே ஒரு கோடு விழுந்தால் வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. படித்த மூளை அப்போதுதான் வேலை செய்தது.

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்கு நான் அரைக்கிறேன் என்று கல்லை வாங்கிக்கொண்டேன். தண்ணீரை மிகக் கொஞ்சமாகத் தெளித்து, கெட்டியாக அரைத்தேன். வலது கன்னத்துக்கு எப்போதும்போல மெல்லிசாகப் பூசினேன். இடது கன்னத்தில் அதைப்போல மூன்று மடங்கு கனமாக அப்பினேன். பழைய நாள் மாதிரி பால்கனி வாசலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். காயத் தொடங்கியதும் மூக்கைச் சுருக்கினேன். அம்மா சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இடது கன்ன எலும்பிலிருந்து தாடை வரை பளிச்சென்று ஒரு வெடிப்பு ஓடியது.

கண்ணாடியை நீட்டினேன். "பாரும்மா. வந்துருச்சு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். முகம் மலர்கிறதா என்று நான் காத்திருந்தேன். வெடிப்போரத்தில் நகத்தை விட்டு ஒரு பொருக்கைப் பெயர்த்து, விரல்களுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தனக்காக் கல்லை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். மிச்சமிருந்த குழம்பு கல்லின் மேலேயே காய்ந்து, நாலா பக்கமும் பிளந்து கிடந்தது.

"இந்தக் கல்லு எதுக்குப் புள்ள சிரிச்சுது?"

நான் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன்.

"நாப்பது வருசமா அரைக்கிறேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "மொத நாளு அந்தச் சயா ரெண்டே வார்த்தை சொன்னாரு. நீ ஒரு பக்கம் நீளத்துக்குச் சொன்னே. எனக்குப் படிக்கத்தான் தெரியாது. எண்ணத் தெரியும்."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"கேக்க நல்லாருந்துச்சு. உனக்கும் சொல்ல நல்லாருந்துச்சு. விட்டுட்டேன்." கல்லைத் தள்ளி வைத்தாள். "இப்பச் சொல்லு. படத்துல நான் நிக்கணுமா, நேரான மூஞ்சி நிக்கணுமா?"

அவள் கேட்டது சரி. நான் அவளுக்காகப் பொய் சொன்னேன் என்று எட்டு வாரமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சுவரை. வருகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்து, பட்டத்தை விட்டுவிட்டு 'ஐயோ, அம்மாவுக்கு என்ன ஆச்சு' என்று கேட்பார்கள். என் நாளில் யாரும் எங்களைப் பார்த்து இரக்கப்படக் கூடாது. அதுதான் என் ஆசை. முதல் பட்டதாரிக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும்.

"நீதான் நிக்கணும்," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

"அப்பச் சரி. அன்னைக்கு அவரு சொன்னத இப்ப அப்படியே சொல்லு."

"தெரியாது. தொடர்ந்து வரட்டும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அம்மா விரலில் ஒட்டிய தனக்காவைத் தட்டிவிட்டாள். "இது நல்ல சேதியாத்தான இருக்கு. தெரியாதுன்னுதான சொன்னாரு. ஆகாதுன்னு சொல்லலையே. இதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டே?" என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் இருந்ததைக் கழுவ எழுந்து போனாள்.

விழா மண்டபத்தில் நடந்தது எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. மூன்று படி ஏறியதும் இறங்கியதும்தான் தெரியும். பிறகு பபேடானில் ஒரு படக்கடைக்குப் போனோம். அம்மா அரக்கு உடுப்பில் வந்தாள். அன்று காலையில் அவளே அரைத்து, இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி மெல்லிசாகப் பூசியிருந்தாள். படக்காரர் தமிழ்ப் பையன். எங்களை நிறுத்திவைத்து, அம்மாவை வலது கன்னம் தெரியத் திரும்பச் சொன்னார். திரும்பினாள். இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில், அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், வலது பாதியை எடுத்து இடது பக்கம் ஒட்டிவிடலாம், கம்ப்யூட்டரில் ஐந்து நிமிட வேலை, யாருக்கும் தெரியாது என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "அப்ப என்னையும் ஒரு பக்கம் வெட்டி ஒட்டுங்க தம்பி. இது பொறந்ததுலருந்தே கோணல். இவ பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா."

அம்மா சிரித்துவிட்டாள். கேமரா சத்தம் கேட்டது. படக்காரர் மன்னிப்புக் கேட்டு, வாயை மூடிக்கொண்டு அசையாமல் நிற்கச் சொல்லி இன்னொன்று எடுத்தார்.

நாலு நாள் கழித்து இரண்டு படமும் வந்தன. ஒட்டு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தேன். இரண்டாவது படத்தில் மூவரும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல நின்றோம். அம்மா உதட்டை அழுத்தி முகத்தை நேராகப் பிடித்திருந்தாள். முதல் படத்தில் அவள் வாய் வலது பக்கம் ஓடியிருந்தது. தலையில் தொப்பி சரிய நான் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் கேமராவைப் பார்த்திருந்தார். எதை மாட்டுவது என்று அம்மாவையே கேட்டேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு பால்கனி வெளிச்சத்துக்குப் போனாள். நேரமாயிற்று. என்ன பார்க்கிறாள் என்று போனால், முதல் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்திருந்தாள்.

"இங்க பாரு," என்று விரலை வைத்தாள். மூக்கின் இடது ஓரத்திலிருந்து உதட்டை நோக்கி, முடி மாதிரி ஒரு கோடு. மடித்த இடமோ தாளில் விழுந்த கீறலோ என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இல்லை. தனக்காதான். அவளே அரைத்தது, மெல்லிசாகப் பூசியது.

"தோத்துட்டேன்," என்றாள் அம்மா.

அந்தப் படம்தான் சாமி படத்துக்கு ஒரு சாண் கீழே தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். அம்மாவே கதையைச் சொல்கிறாள், பஸ்ஸு ஊரைச் சுற்றுவதையும் சேர்த்து. முகம் பிறகு மெல்ல மெல்ல முக்கால்வாசி வந்தது. மசாலாக் கடைக்குத் திரும்பினாள், மிளகாய் இல்லாத, பட்டை கிராம்பு கட்டும் இடத்துக்கு. சாப்பிடும்போது இன்றும் அவள் இடது கண்ணில் தானாக நீர் வரும். சமையல் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அப்பா எடுத்துக்கொள்வார். மருத்துவர் அடுத்த வருடமே வைத்தியக்கூடத்தை மூடிவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். அங்கே இப்போது கைபேசி விற்கிறார்கள். அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் எரிந்த தழையின் வாசம் வருகிறதா என்று பார்ப்பேன்.

மருத்துவர் ஊருக்குப் போவதற்கு முன், படம் வந்த மறுநாளே அதை அவரிடம் கொண்டுபோயிருந்தோம். அவர் சன்னலருகே எடுத்துப் போய்ப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். குறிப்பை எடுத்து, ஒரே மாதிரி இறங்கியிருந்த வட்டங்களின் கீழே புதிதாக ஒன்று போட்டார். அதன் இடது பாதியில் ஒரு சின்னக் கோடு இழுத்து, பக்கத்தில் கொரிய மொழியில் ஏதோ எழுதினார்.

"என்ன எழுதுனாரு?" என்றாள் அம்மா.

"இடது கன்னம். ஒரு கோடு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அம்மா எட்டிப் பார்த்து, தாளில் இருந்த எழுத்துக்களின் நீளத்தை விரலால் அளந்தாள். பிறகு முகம் கழுவத் தொட்டிக்குப் போனாள்.